முகம் சுளிக்கச் சொன்னவர்

எங்கள் பக்கத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வீடியோக்காரர், வீடியோ அண்ணன், அவசரக்காரர்களுக்கு வெறும் வீடியோ. "வீடியோ வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்டால் ஆளைக் கேட்கிறாரா கேமராவைக் கேட்கிறாரா என்று யாரும் குழம்பியதில்லை. வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. கீழே மில் ஓடினால் மேலே கம்ப்யூட்டர் ஆடும். கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். இந்த மனிதர் எப்போதுதான் எடிட்டிங் செய்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்ன கல்யாண வீடியோவை, அந்தத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து மொட்டை போடுவதற்குள் எப்படியும் கொடுத்துவிடுவார்.

நடக்கிற எதையும் நடக்கிறபடியே விட அவரால் முடியாது. அவரைப் பற்றி இதைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

"நடந்தா மட்டும் போதுமா தங்கச்சி? நடந்த மாதிரி தெரியணும்ல?" என்பார். அதைச் சொல்லும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார். கேமரா கையில் இல்லாதபோதும் அந்தக் கண் மூடித்தான் இருக்கும்.

மறுவீட்டுக்குக் கிளம்பும் பெண்ணைக் கட்டிப்பிடித்து ஒரு தாய் ஓவென்று அழுதுகொண்டிருப்பாள். இவர் தோளைத் தொட்டு, "அக்கா, லைட்டுக்கு இந்தப் பக்கம் வந்து அழுங்க" என்பார். அந்த அம்மாளும் மூக்கைச் சிந்திவிட்டு இந்தப் பக்கம் வந்து அழுவாள். இரண்டாம் தடவை அழுகை இன்னும் நன்றாக வரும். அதுதான் அவருடைய தைரியம். கீழக்குயில்குடியில் மலையடித் தாமரைக்குளத்துப் பக்கம் ஒரு புது ஜோடியை எதிரும் புதிருமாக ஏழு தடவை ஓடவிட்டிருக்கிறார். எட்டாவது தடவை மணப்பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆலமரத்து வேரில் உட்கார்ந்து, "அவுக ஓடி வரட்டும்ணே, நான் இங்கனயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த வீடியோவில் மாப்பிள்ளை மட்டும் ஓடுவார். பார்த்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளைக்கு அவ்வளவு ஆசை என்று பேசிக்கொண்டார்கள்.

சொந்த விஷயத்திலும் அவர் அப்படித்தான். அவருக்கு மகள் பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார். இவர் வாங்கிக் கொஞ்சிவிட்டு, "நர்ஸக்கா, உள்ள போயி இன்னொரு தடவ கதவத் தொறந்து வாங்களேன்" என்றாராம். நர்ஸ் திட்டிக்கொண்டே போய் வந்தாராம். "மொதத் தடவ பிள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாந்தடவ கதவுச் சத்தத்துல முழிச்சு அழுதுச்சு பாருங்க, அதுதான் நல்லா வந்துச்சு" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

இந்தக் கலையை அவர் டிவி சீரியலிடம்தான் படித்தார். ஸ்டூடியோவில் ஒரு பழைய டிவி ஓடிக்கொண்டே இருக்கும். மாமியார் மாடிப்படியில் எப்படி இறங்குகிறாள், நாத்தனார் எந்தப் பக்கமாகத் திரும்பிப் பார்க்கிறாள், எந்த இடத்தில் இடிச் சத்தம் போடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். "ஒரு அறை விழுந்தா ஒம்பது மூஞ்சியக் காட்டுறான், கவனிச்சீங்களா? அப்பத்தான் வீட்ல இருக்கவனுக்கு வலிக்கும்." கல்யாண வீட்டில் ஒன்பது மூஞ்சி சமயத்துக்குக் கிடைக்காது. சீர் வரும்போது பெரியம்மா பந்தியில் இருப்பாள், சித்தி பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருப்பாள். அதனால் காலையிலேயே மண்டபத்துக்கு வந்து, வீட்டுப் பெண்களை வரிசையாக நிறுத்தி முகங்களைச் சேமித்துக்கொள்வார். ஆளுக்கு ஒரு சிரிப்பு, ஒரு ஆச்சரியம், ஒரு கண் கலங்கல், ஒரு முகம் சுளிப்பு. இதற்கு அவர் வைத்த பெயர் மூஞ்சி ஸ்டாக். பிறகு எங்கே எது தேவையோ அங்கே அதை ஒட்டிக்கொள்வார்.

என் அக்கா கல்யாணத்திலும் அம்மாவை அப்படித்தான் நிறுத்தினார். அம்மாவுக்குத் தலைக்குமேல் வேலை. "எதுக்கப்பா சுளிக்கச் சொல்ற, நல்ல நாளும் அதுவுமா?" என்று கேட்டாள்.

"சும்மா இருக்கட்டும்க்கா. அந்த எட்டு மணி சீரியல்ல மாமியா சுளிக்கும்ல, அது மாதிரி ஒன்னு குடுங்க."

அம்மா அந்த மாமியாரைப் போலவே இடப்பக்க உதட்டை மேலே ஏற்றி, மூக்கைச் சுருக்கி, கண்ணை மேலிருந்து கீழே ஓடவிட்டு ஒன்று கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடிப்பு அவளுக்கு இத்தனை நன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள், அம்மாவும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தாய்மாமன் சீர் வந்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி, எங்கள் மாமா. பேரையூரில் உரக்கடை வைத்திருக்கிறார், கொஞ்சம் பருத்திக்காடும் உண்டு. இரண்டு வேன் நிறைய ஆட்களோடு, கொட்டு முழங்க, தட்டு தட்டாகக் கொண்டுவந்தார். பழம், பலகாரம், பட்டு, ஆளுயரக் கண்ணாடி, கொம்பில் பூச்சுற்றிய ஒரு கிடா. வீடியோ அண்ணன் விடுவாரா? வாசலிலிருந்து மூன்று தடவை நடக்கவிட்டார். மூன்றாம் தடவை கிடா வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டது. அம்மா நடையில் நின்று தம்பியைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த அழுகை படத்தில் விழவில்லை. பின்னாலிருந்து வெயில் அடித்ததில் முகம் கருகருவென்று இருட்டிவிட்டது.

ஒரு வாரம் கழித்து முன்னோட்டம் என்று நாற்பது விநாடியில் ஒன்றை வெட்டி, அவருடைய யூடியூப் சேனலில் போட்டார். மாமா தட்டோடு நடந்து வருகிறார். இடி இடிக்கிறது. அம்மாவின் முகம் மூன்று தடவை, கிட்டக் கிட்ட வந்து சுளிக்கிறது. முப்பத்தைந்தாவது விநாடியில் அதே அம்மா சிரிக்கிறாள். "மொதல்ல ஒரு திகிலு, கடைசியில பாசம். அப்பத்தான உக்காந்து பாப்பான்?" என்பது அவருடைய கணக்கு. எவன் முப்பத்தைந்தாவது விநாடிவரை பார்க்கிறான்? யாரோ ஒரு மீம்ஸ் போடுகிற பையன் அந்தச் சுளிப்பை மட்டும் நறுக்கி எடுத்து, கீழே "இம்புட்டுத்தானா?" என்று எழுதிப் பரப்பிவிட்டான்.

அதற்குப் பிறகு என் அம்மாவின் முகம் அவளுடையதாக இல்லை. மழை பெய்து நின்றால் அம்மாவின் முகம் வந்தது. மார்க் ஷீட் வந்தால் அம்மாவின் முகம் வந்தது. பிரியாணிப் பொட்டலத்தில் ஒரே ஒரு துண்டு கறி இருந்ததற்கும் அவள்தான் சுளித்தாள். பிறகு டிவியில் ஒரு காமெடி நிகழ்ச்சியில் சேலை கட்டிய ஒரு ஆண் அந்தச் சுளிப்பைச் செய்து கைதட்டல் வாங்கினான். அடுத்த மாதமே, எந்த எட்டு மணி சீரியலைப் பார்த்து அம்மா அதைச் செய்தாளோ, அதே சீரியலில் அதே மாமியார், மருமகள் நீட்டிய காபியைப் பார்த்து, அம்மா செய்தபடி சுளித்து, "இம்புட்டுத்தானா?" என்றாள். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இவகிட்டதானடி நான் வாங்குனேன். இப்ப எங்கிட்ட இருந்து அவ வாங்கிட்டுப் போறா!"

வீடியோ அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கல்யாணத்தில் ஒரு பெண்ணின் தாயிடம், "வண்டியூர் அக்கா சுளிப்பு ஒன்னு குடுங்க" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அம்மாவும் முதலில் கோபப்பட்டாளே தவிர, காய்க்கடையில் இரண்டு காலேஜ் பெண்கள் செல்ஃபி எடுக்க நின்றபோது கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பேரையூரில் கதை வேறு மாதிரி ஓடியது. மாமா டீக்கடைக்குப் போனால், டீ ஆற்றுகிறவர் கிளாஸை வைத்துவிட்டு, "இம்புட்டுத்தானாண்ணே?" என்று கேட்டார். கடைக்கு உரம் வாங்க வந்தவன் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதையே கேட்டான். ஊரே கூடி வழியனுப்பிய சீர் அது. மாமா போனில் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதுக்குக்கா அப்படிப் பாத்த?"

"டேய், அது காலையிலயே எடுத்ததுடா. வீடியோக்காரன் சுளிக்கச் சொன்னான், சுளிச்சேன்."

"ஏன்க்கா, காலங்காத்தால ஒருத்தன் வந்து மூஞ்சியச் சுளிங்கன்னு சொல்லுவானாம், நீ சுளிப்பியாம். நான் என்ன கேணையனா?"

அவர் நம்பவில்லை. நடந்தது என்னவோ அதுதான். ஆனால் வெளியில் சொல்லும்போது எங்களுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது. மாமா போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. மூன்று வருடம் ஓடிப்போனது. சுளிப்பைக் காட்டச் சொல்லி யாராவது கேட்டால் அம்மா இப்போது எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் முடிவானது. எங்களில் பெண்ணைத் தாய்மாமன்தான் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவர வேண்டும். பத்திரிகையோடு போன அப்பாவுக்கு அத்தை மோர் கொடுத்து, மாமா பருத்திக்காட்டில் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். முறைக்கு வேறொரு தாய்மாமனை நிறுத்திக்கொள்ளலாம் என்று உறவில் யோசனை சொன்னார்கள். அம்மா ஒரே பிடியாக நின்றாள். "எந்தம்பி இருக்கையில இன்னொருத்தன் இவ கையப் பிடிப்பானா? அப்படின்னா நான் மண்டபத்துக்கே வரல." எனக்கும் தாங்கவில்லை. சின்ன வயதில் பேரையூர்த் திருவிழாவை நான் பார்த்ததெல்லாம் மாமாவின் தோளில் உட்கார்ந்துதான். அவர் இல்லாத மேடையில் எப்படி ஏறுவேன்?

நேரே மாவு மில்லுக்குப் போய் மாடியேறினேன். அண்ணன் வழக்கம்போல டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தேன்.

"எங்கம்மாவையும் மாமாவையும் பிரிச்சு விட்டுட்டு இங்க உக்காந்து அடுத்த வீட்டுச் சண்டையப் பாக்குறீங்களாண்ணே?"

அக்கா கல்யாணத்தன்று காலை எடுத்த முழுப் பதிவு இருக்கிறதா, அதில் அவர் "சுளிங்கக்கா" என்று சொல்வது கேட்குமே, அதை மாமாவிடம் காட்டலாமே என்றேன்.

"அத அழிச்சிட்டேன் தங்கச்சி. மறுநா ஒரு வளைகாப்பு, மெமரி கார்டுல எடம் பத்தல. சுளிச்ச துண்டு மட்டுந்தான் இருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதா? எங்கக்காளும் எங்கூட எட்டு மாசம் பேசாம இருந்துச்சு. ரெண்டு நாள் குடு. நான் பேரையூருக்குப் போய்ட்டு வாரேன்."

"போயி என்ன சொல்லுவீங்க?"

"உண்மையச் சொன்னா எவன் நம்புறான்? பாத்துக்கிறேன், போ."

மூன்றாம் நாள் மதியம் என் போனுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "ஊறுகாய்னு சொல்லச் சொல்லு." அவ்வளவுதான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கையில் அம்மாவின் போன் அடித்தது. மூன்று வருடம் கழித்து மாமாவின் பெயர் அதில் வந்தது. அம்மா அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

"அக்கா."

"சொல்லுடா."

"அன்னைக்கு நீ சுளிச்சது, ஊறுகாயக் கடிச்சா?"

அம்மா பேந்தப் பேந்த என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையாலும், தலையாலும், கண்ணாலும் ஆமாம் என்று காட்டினேன்.

"ஆமாடா," என்றாள் அம்மா. "எலுமிச்ச ஊறுகா. சரியா ஊறாம ஒரே கசப்பு. நாக்குல வைக்க முடியல." பிறகு தன் பங்குக்கு, "அந்தச் சமையக்காரன இன்னைக்கு வரைக்கும் வஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"சரி. மண்டபம் எங்க பிடிச்சிருக்கீக?" என்றார் மாமா. அம்மா மண்டபத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

மாமா வந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், வீடியோ அண்ணன் அன்றைக்கும் அவரை வாசலிலிருந்து மூன்று தடவை நடக்கவிட்டார். மாமா முறைத்துக்கொண்டே நடந்தார். இந்தத் தடவை கிடா கொண்டுவரவில்லை. மேடைக்கு என்னைக் கூட்டிப்போகும்போது மாமாவின் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. நான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அம்மா அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். காலையில் மூஞ்சி ஸ்டாக் எடுக்க அண்ணன் வரவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். மாவு மில் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. அண்ணன் சென்னைப் பக்கம் ஏதோ ஒரு சீரியலுக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இருக்கும். டிவியில் எங்காவது ஒரு முகம் மூன்று தடவை கிட்ட வந்தால், இது அவர் வேலையோ என்று எனக்குத் தோன்றும். திட்டுவேன், கூடவே சிரிப்பும் வரும். ஆனால் அவரை நினைக்கும்போது நான் முழுதாக நினைத்துக்கொள்வது என் கல்யாணத்தன்று பந்தி முடிந்த நேரத்தைத்தான்.

மாமா வெற்றிலை போட்டுக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு ஊறுகாத் துண்டு, என்ன பாடு படுத்திருச்சு பாத்தீங்களா மாமா" என்று நான் ஆரம்பித்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். வீடியோ அண்ணன் அனுப்பியது அதில் இருந்தது. எடிட் செய்யாத அசல் பதிவு என்று சொல்லிக் கொடுத்தாராம். வாழை இலை தெரிகிறது. அக்கா கல்யாணத்தில் அம்மா போட்டிருந்த மாதிரியே பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு பெண்ணின் இடது கை இலையை மெல்ல நகர்த்துகிறது, வலது கை ஊறுகாயை எடுக்கிறது. அடுத்து அம்மாவின் முகம் சுளிக்கிறது. நம்பும்படியாகத்தான் இருந்தது. எனக்கே ஒரு கணம் ஊறுகாய்தானோ என்று தோன்றியது.

மாமா படத்தை அந்தக் கையில் நிறுத்தினார்.

"இந்தச் சுண்டுவிரலப் பாரு தாயி. எம்புட்டு நேரா இருக்கு?"

நான் அம்மாவைத் தேடினேன். எதிர்ப்பக்கம் நின்று யாருக்கோ தாம்பூலப்பை கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது சுண்டுவிரல் கொக்கிபோல மடங்கியிருக்கும். பிறந்ததிலிருந்து நான் பார்க்கிற விரல்.

"எனக்கு ஆறு வயசு. அக்கா கிணத்துல தண்ணி எறைச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் வெளாட்டுக்குக் கயித்த இழுத்தேன், விரலு உருளைக்குள்ள போயிருச்சு. வீட்ல கேட்டதுக்கு, தானே மாட்டிக்கிட்டேன்னு சொல்லிருச்சு. இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல." வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "எனக்குத் தெரியாதா அந்தக் கைய?"

"அப்பறம் எப்படி மாமா வந்தீங்க?"

"மூணு வருசமா எல்லாரும் வந்து நாயம் பேசுனாங்க, நான் எப்படி வர்றதுன்னு எவனும் சொல்லல. இவன் ஒருத்தன்தான் எனக்கு ஒரு சாக்குக் கொண்டாந்தான்."

தூரத்தில் வீடியோ அண்ணன் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். மாமா அவசரமாகப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீ எதுவும் காட்டிக்கிறாத. பொண்டாட்டிக்குப் பச்ச ஜாக்கெட்டெல்லாம் மாட்டிவிட்டு, பாவம், மெனக்கெட்டு எடுத்திருக்கான்."